பெட்டி மழை

ஐப்பசி முழுக்க ஒரு தூறல்கூட விழாமல் கீரனேந்தல் காய்ந்து கிடந்த வருஷத்தில், சந்தியாகுவின் மகள் பிலோமி அயர்லாந்துக்குக் கொண்டுபோவதற்காக மதுரையில் வாங்கிவந்த பெட்டிக்குள் மழை பெய்தது. நீலப் பெட்டி, நாலு சக்கரம், ஒரு ஆள் மடங்கிப் படுத்துக்கொள்ளலாம் போன்ற அகலம். அவள் அதை நடுவீட்டில் கிடத்தி, மூடியைத் திறந்து, அடியில் ஒரு கம்பளிச் சட்டையும் அதன்மேல் இரண்டு சேலைகளும் மடித்து வைத்துவிட்டு, அடுத்த சேலையை எடுக்கக் கொடிப்பக்கம் திரும்பியபோது முதுகுக்குப் பின்னால் சடசடவென்று சத்தம் கேட்டது. திரும்பினால், திறந்த மூடிக்கும் துணிக்கும் நடுவே, ஒரு முழ உயரத்தில், குளித்து எழுந்த எருமை முதுகைப்போலக் கறுத்து மின்னுகிற மேகம் ஒன்று நின்று பெய்துகொண்டிருந்தது.

பிலோமி மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்தவள். நின்றுபோன நெஞ்சுகள் திரும்ப அடிக்கத் தொடங்குவதையும், அடித்துக்கொண்டிருந்தவை பேச்சின் நடுவே நின்றுபோவதையும் பார்த்துப் பார்த்துக் கை நடுங்காமல் இருக்கப் பழகியவள். அப்படிப்பட்டவள் "அப்பா" என்று கூப்பிட்டாள். குரல் வெளியே வந்ததா என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

சந்தியாகு வந்து எட்டிப் பார்த்தார். குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "உப்பு இல்லத்தா. இனிக்குது" என்று சொல்லிவிட்டு, மேகத்தை இன்னொரு தடவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பிலோமிக்கு அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி எது என்று பிற்பாடு யாராவது கேட்டிருந்தால், அவள் அந்தக் குடத்தைத்தான் சொல்லியிருப்பாள்.

ஆனால் கீரனேந்தலில் பிறந்து குடத்தை எடுக்காமல் நிற்கிறவர்கள் யார் இருக்கிறார்கள்? ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக்கருவேல முள், தோண்டின கிணறெல்லாம் உப்பு, கண்மாய்க்கு நடுவே ஆள் ஆழத்துக்குப் பள்ளம் பறித்து அதற்குள் இறங்கி உட்கார்ந்து, ஊறுகிற கலங்கல் நீரைச் சிரட்டையால் மொண்டு, சேலைத் தலைப்பில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றி, குடம் செருகுகிற தள்ளுவண்டியில் ஏற்றி வெயிலோடு வெயிலாகத் தள்ளிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பாதிப் பகல் போய்விடும், மிச்சப் பகலில்தான் சமைக்கவும் சாப்பிடவும் சண்டை போடவும் பிள்ளை பெறவும் அந்த ஊர் ஆட்களுக்கு நேரம் இருந்தது. அதனால் செய்தி தெருவில் பரவியபோது எப்படி, ஏன் என்று கேட்டவர்கள் கொஞ்சம். நிற்பதற்குள் வந்துவிடலாமா என்று கேட்டவர்களே அதிகம். அன்றைக்குச் சாயங்காலம் சந்தியாகு வீட்டு வாசலிலிருந்து மாதா கோவில் வரைக்கும் குடங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தன.

மழைக்கு ஒரு முறை இருந்தது, அதையும் ஊர் சீக்கிரத்தில் கண்டுபிடித்துக்கொண்டது. பிலோமி தன் துணியை மடித்து வைத்தால் பெய்யும். எடுத்துவிட்டால் நிற்கும். அதே பெட்டியில் மற்றவர்கள் துணியை வைத்துப் பார்த்தார்கள். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் சேலையைக் கொண்டுவந்து வைத்து, கும்பிட்டு, சிலுவை போட்டு, விபூதி தூவி, காத்துக் கிடந்து பார்த்தார்கள், ஒரு சொட்டு விழவில்லை. ஆகவே பிலோமி காலையில் எழுந்ததும் பல் விளக்கிவிட்டு, அயர்லாந்துக்குப் போகிறவளாகத் துணிகளை மடித்து அடுக்கினாள். மாலையில் நனைந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து கொடியில் போட்டாள். மறுநாள் காலையில் மறுபடியும் மடித்தாள், மறுபடியும் அடுக்கினாள், ஊர் மறுபடியும் குடத்தை வைத்தது.

ஒரு வாரத்துக்குள் அது ஊர் வழக்கமாகிவிட்டது. "பெட்டி திறந்தாச்சா?" என்பது காலையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற நலம் விசாரிப்பானது. பிள்ளைகள் தினமும் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். கண்மாய்ப் பள்ளத்தில் காற்று மண்ணை வாரி நிரப்பியது, யாரும் தூர் வாரவில்லை. கீரனேந்தலில் பெண் கொடுக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பழக்கூடையோடு வந்து வரிசையில் நின்று ஒரு செம்பு குடித்துப் பார்த்துவிட்டு நாள் குறித்துக்கொண்டு போனார். சந்தியாகுவின் வீட்டுக்கு அடுத்த வீட்டு லூர்து, பிலோமிக்குச் சித்தி முறை, கொல்லையில் மிளகாய் நாற்றுப் பாவினாள். நாற்று முளைத்து, எடுத்து நட்டு, பூத்து, காய் பிடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்பது அவளுக்குத் தெரியும், பிலோமியின் டிக்கெட் கார்த்திகை முதல் வாரம் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தன, ஒன்றையொன்று முட்டிக்கொள்ளவில்லை.

பிலோமிக்குத்தான் முட்டிக்கொண்டே இருந்தது.

அவள் ஏன் போகிறாள் என்று ஊரில் பலவிதமாகச் சொன்னார்கள். நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்றுபோனதால் என்று சிலர், சம்பாதிக்க என்று சிலர். பிலோமிக்கு அது எதுவும் இல்லை. மதுரையில் ஒரு நாள், பிழைக்கமாட்டார் என்று எல்லோரும் கைவிட்ட ஒரு கிழவர், நினைவு திரும்பியதும் அவளிடம், "உனக்கு எங்க போகணும்மா?" என்று கேட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியைக் கேட்பதுபோல. அதுவரை அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் தன்னிடம் ஒரு பதில் இருப்பது அவளுக்கே தெரிந்தது. அன்றையிலிருந்து ஆங்கிலப் பரீட்சையைத் திரும்பத் திரும்ப எழுதி, தோற்று, எழுதி, வாங்கின வேலை அது. போகவேண்டும், அவ்வளவுதான்.

கார்த்திகை நெருங்க நெருங்க, பெட்டியை எப்படிக் கொண்டுபோவது என்கிற கேள்வி வந்தது. அதைக் கேட்டது பிலோமி. பதில் சொல்ல உட்கார்ந்தது ஊர். சமுதாயக் கூடத்தில் பஞ்சாயத்துத் தலைவர் முத்திருளாயி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐம்பது வயது, கனத்த குரல், கலெக்டரையே வண்டியை விட்டு இறக்கிக் கண்மாய்ப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்க்க வைத்தவள் என்று பேர். பிலோமியின் பெரியப்பா மகன் கென்னடி, விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப்போய் வருகிற வேன்காரன், சட்டங்களை எடுத்துச் சொன்னான்.

"கையில கொண்டுபோற பை ஏழு கிலோ. கவுண்டர்ல போட்டுவிடற பெட்டி இருபத்திமூணு கிலோ. அதுக்கு மேல ஒரு கிலோ ஏறினாலும் பிரிச்சு வெளிய எடுக்கச் சொல்லுவான்."

"பெருசையே போட்டுவிட்ரலாமே" என்றாள் முத்திருளாயி.

"போட்டுவிட்டா, வளைகுடாவுல ப்ளைட் மாறணும் பெரியம்மா. அங்க பெட்டியைத் தூக்கி வீசுவான். மூடி திறந்துக்கிச்சுன்னா அடுத்தவன் பெட்டியெல்லாம் நனையும்."

உபதேசியார் ஞானப்பிரகாசம், கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவர், நிதானமாகத்தான் பேசுவார். "நனைஞ்சாக்கூடக் காஞ்சுரும். பெட்டி தப்பி வேற தேசத்துக்குப் போயிருச்சுன்னா? தப்பிப்போன பெட்டியை ஒரு மாசம் கழிச்சுத் திருப்பி அனுப்புவாங்கன்னு சொல்றாங்க. மழை பெய்யற பெட்டியை எவன் திருப்பி அனுப்புவான்?"

கூடம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. எவனும் அனுப்பமாட்டான். நாம் அனுப்புவோமா?

"அப்ப கையிலயே கொண்டுபோகட்டும்."

"கையில நூறு மில்லிக்கு மேல தண்ணி விடமாட்டான்" என்றான் கென்னடி. "செக்கிங்ல பாட்டில் தண்ணியையே பிடுங்கிப் போட்ருவான். மேகத்தை விடுவானா?"

"அதோட," என்றாள் லூர்து சித்தி, "அந்த ஊர்ல வருசம் பூரா மழையாம்ல? டிவியில பாத்தேன். அங்க எதுக்கு இதைக் கொண்டுபோகணும்?"

எல்லோரும் திரும்பி பிலோமியைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் முத்திருளாயி முடிவைச் சொல்லிவிட்டாள், அது சரியான முடிவாகத்தான் எல்லோருக்கும் பட்டது, பிலோமிக்கும் பட்டது. பெரிய பெட்டி இங்கேயே இருக்கட்டும், துணியோடு, திறந்தபடி. பிலோமி கைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகட்டும். அங்கே போய்ப் புதுத் துணி வாங்கிக்கொள்ளட்டும்.

அங்கேயே சோதித்துப் பார்த்தார்கள். பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து திறந்து வைத்தார்கள், நன்றாகப் பெய்தது. பிலோமி தோளில் மாட்டுகிற சின்னப் பையை எடுத்து, அதில் ஒரு சுடிதாரும் ஒரு துண்டும் சீப்பும் வைத்தாள். சீப்பை வைத்துக் கையை எடுத்ததும் பெரிய பெட்டியின் மேகம் விளிம்பிலிருந்து கரைந்து, மூடியின் உள்துணி தெரிந்து, கடைசிச் சொட்டும் விழுந்து நின்றது. சின்னப் பைக்குள் பிசுபிசுவென்று தூறத் தொடங்கியது.

பெட்டியில் மழை பெய்தபோது அதிராத ஊர், அது நின்றபோது அதிர்ந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு ஆள் பெரிய பெட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார், செத்தவர் நெஞ்சைத் தடவிப் பார்ப்பதுபோல.

முத்திருளாயிதான் முதலில் பேசினாள். மெதுவாகப் பேசினாள், அவள் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "அப்ப மழை பெட்டியில இல்ல. நீ போறேன்னு கட்டுறதுலதான் இருக்கு."

"ஆமா பெரியம்மா" என்றாள் பிலோமி.

"அப்ப பெட்டியக் கட்டு, பிள்ளை. தினம் கட்டு. நல்லாக் கட்டு. போக மட்டும் செய்யாத."

அதை அவள் மிரட்டலாகச் சொல்லவில்லை. வெயிலில் நிற்காதே, சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்கிற அதே வாஞ்சையோடு சொன்னாள். கூடத்தில் இருந்தவர்கள் அதே வாஞ்சையோடு தலையாட்டினார்கள், உபதேசியாரும் ஆட்டினார். பிலோமி தன் அப்பாவைத் தேடினாள். சந்தியாகு தூண் பக்கம் குனிந்து, காலில் இல்லாத முள்ளைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கார்த்திகை முத வாரம் டிக்கெட்டு. நான் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தூறுகிற பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். ரவிக்கை நனைந்தது.

மறுநாள் காலையில், அலமாரித் தட்டில் வேலை உத்தரவுத் தாள்களோடு வைத்திருந்த பாஸ்போர்ட்டைக் காணவில்லை.

தாள்கள் இருந்தன, பாஸ்போர்ட் மட்டும் இல்லை. அவள் பாயை உதறினாள், அரிசிப் பானையைக் கவிழ்த்தாள், அடுப்புச் சாம்பலைக்கூடக் கிளறினாள். தெருவில் இறங்கி வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எல்லோரும் பதறினார்கள். எல்லோரும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அவள் பெட்டியின் தண்ணீர். "நல்லாத் தேடிப் பாருத்தா, வீட்டுலயேதான் இருக்கும்" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒரே மாதிரி சொன்னதுதான் அவளை உறுத்தியது. நாலாவது வீட்டிலோ ஐந்தாவது வீட்டிலோ அவளுக்குப் புரிந்துவிட்டது, ஊருக்குத் தெரியும். தன்னைத் தூக்கி வளர்த்தவர்கள், தன்னிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள், தான் பிரசவம் பார்த்த பெண்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு முகத்திலும் குற்றம் இல்லை. கவலைதான் இருந்தது, அவளுக்காக.

அவள் வீட்டுக்கு வந்து பெட்டியை மூடினாள். மறுநாளும் திறக்கவில்லை. கோபம் என்று சொல்லமுடியாது. பொட்டில் அடி வாங்கினவர்கள் வலிக்குமுன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்களே, அப்படி உட்கார்ந்திருந்தாள். வாசலில் குடங்கள் வந்து உட்கார்ந்தன, காய்ந்தன, எடுக்கப்பட்டன. சந்தியாகு தள்ளுவண்டியின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். ஊர் மறுபடியும் கண்மாய்க்குப் போய், மண் மூடின பள்ளத்தைத் தோண்டி, முன்னைவிடக் கலங்கலான தண்ணீரை மொண்டு வந்தது.

அந்தத் தண்ணீர் முதலில் பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் சேரவில்லை. லூர்து சித்தியின் மருமகள் குழந்தைத்தெரஸ், கட்டிக்கொடுத்து வந்ததிலிருந்து ஊரில் யாரும் சத்தம் கேட்டிராத பெண், ஒரு மத்தியானம் தன் ஒன்றரை வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பிலோமியின் முன்னால் நின்றாள். பையனின் கண் உள்ளே போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. பிலோமி வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள், கிள்ளினபடியே நின்றது.

"எத்தனை தடவை போச்சு?"

"காலையிலருந்து போய்க்கிட்டே இருக்குக்கா. வேன் இல்ல. கென்னடி அண்ணன் ஆள் ஏத்திட்டு மதுரைக்குப் போயிருக்காரு."

ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள், வர நேரம் ஆகும் என்றார்கள். உப்பும் சர்க்கரையும் வீட்டில் இருந்தன. நல்ல தண்ணீர்தான் ஒரு மடக்கு இல்லை. பிலோமி எழுந்தாள். கைப்பையை எடுத்து, கொடியிலிருந்து கைக்கு அகப்பட்ட ஒரு துண்டை உருவி மடித்து உள்ளே வைத்தாள். வைக்கும்போது அவளுக்கே நிச்சயமில்லை, பாஸ்போர்ட் போன பிறகு எங்கே போவதற்குக் கட்டுகிறோம் என்று. பைக்குள் தூறியது. முதலில் பிசுபிசுவென்று, பிறகு கனத்து, கூடத்தில் பெய்ததைவிடக் கனத்து.

அவள் டம்ளரில் பிடித்து, உப்பும் சர்க்கரையும் கலந்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பையன் வாயில் விட்டாள். துப்பினான். மறுபடி விட்டாள். தெரஸ் பையனைப் பார்க்கவில்லை, பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் போகப்போறீங்களாக்கா?"

"ஏன் கேக்குற?"

"பாஸ்போர்ட்டுதான் இல்லையே."

பிலோமி பையைப் பார்த்தாள். "பெய்யுதுல்ல" என்றாள்.

வெகுநேரம் கழித்துப் பையன் கரண்டியைத் தானே பிடித்து இழுத்தான். பிறகு மூத்திரம் பெய்தான், பிலோமியின் மடியிலேயே. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பெரிய பெரிய விஷயங்களுக்கு அழாதவள் அதற்கு அழுதாள். அழுகை அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, தெரஸ், சுவரைப் பார்த்தபடி, ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"பாஸ்போர்ட்டு ஊருக்குள்ளதான் இருக்குக்கா. மாதா சுரூபம் வீடு வீடாப் போகும்ல, அந்த மாதிரி போகுது. ஒவ்வொரு நாளும் ஒரு வீடு. வர்ற வீட்டுல மெழுகி, சாம்பிராணி போட்டு வைக்கிறாங்க. எல்லாச் சாதி வீட்டுக்கும் போகுது. எங்க வீட்டுக்கும் வந்துச்சு, எங்க அத்தை அரிசிப் பானைக்குள்ள வச்சு மாலை போட்டுச்சு. எனக்குச் சொல்லணும்னு தோணுச்சு, சொல்லல."

பிலோமி டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னிக்கு எந்த வீடு?"

தெரஸ் பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "இன்னிக்கு உங்க வீட்டு முறைக்கா" என்றாள்.

சந்தியாகு கொல்லையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பிலோமி வந்து நின்றதைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்து தலையணையைத் தானே எடுத்தார். அடியில், அவருடைய வெள்ளைத் துண்டில் சுற்றி, மேலே இரண்டு அரளிப்பூ வைத்து, அது இருந்தது.

கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மற்ற எல்லா வீட்டையும் அவள் எப்படியோ மனசுக்குள் செரித்துக்கொண்டு வந்திருந்தாள், இந்த ஒரு வீட்டை நினைக்கவில்லை.

"நீங்களா எடுத்துக் குடுத்தீங்க?"

"எடுத்தது யாருன்னு கேக்காதத்தா. யாரு எடுத்திருந்தாலும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்பா."

"நம்ம வீட்டைத் தாண்டிப் போங்கன்னு சொல்ல முடியல. ஊரு முறை." சந்தியாகு நின்றபடியே தன் முழங்காலைத் தடவினார். "உங்கம்மா குடத்தோட விழுந்து இடுப்பு முறிஞ்சு கெடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அவ போனப்புறம் அந்த வண்டிய நான்தான் தள்றேன். ஒரு நாளு விடல. இந்த மாசம்தான் விடிஞ்சதுக்கப்புறம் கண்ணு முழிச்சேன். விடிஞ்சா வெளிச்சம் எப்படி ஜன்னல் வழியா உள்ள வருதுங்கிறதையே இந்த மாசம்தான் படுத்துக்கிட்டே பாத்தேன். அது ஒரு ஆசையாப் போச்சுத்தா. பெத்த மகளைவிட அது பெருசாப் போச்சான்னு கேட்டா, ஆமா, அந்நேரத்துக்குப் போச்சு."

அவர் அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்து, பூவைத் தட்டிவிட்டு, அவள் கையில் வைத்தார். சாம்பிராணி வாசனை வந்தது. பிலோமி அதைப் பிரித்துத் தன் படத்தைப் பார்த்தாள், யாரோ ஒரு பெண் முறைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் முத்திருளாயி நின்றிருந்தாள். ஊரில் எதுவும் அவளுக்குத் தெரியாமல் நடப்பதில்லை. பிலோமி கையில் பாஸ்போர்ட்டோடு வந்ததைப் பார்த்து அவள் வழியை மறிக்கவில்லை.

"நாங்க கெட்டவங்க இல்ல, பிள்ளை" என்றாள்.

"எனக்குத் தெரியும் பெரியம்மா. அதான் பயமா இருக்கு" என்றாள் பிலோமி.

போகிற நாளன்று அவள் தன்னிடம் இருந்த துணி எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் அடுக்கினாள். கம்பளிச் சட்டை, சேலைகள், ஆஸ்பத்திரி வெள்ளை உடுப்பு, துண்டு, சீப்பு, எல்லாம். இத்தனை நாள் பெய்யாத மழை பெய்தது; தண்ணீர் விளிம்பு தாண்டி நடுவீட்டில் ஓடி வாசற்படியில் இறங்கித் தெருமண்ணில் ஊர்ந்தது. கைப்பையையும் காலியாக அதன் பக்கத்தில் வைத்தாள். பாஸ்போர்ட்டும் வேலைத் தாள்களும் போனும் மட்டும் கையில் ஒரு பிளாஸ்டிக் உறையில். கையில் கொண்டுபோவதா, போட்டுவிடுவதா என்று ஊர் கூடிப் பேசியதில் இப்படி ஒரு வழி யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"நான் போனப்புறமும் பெய்யுமான்னு எனக்குத் தெரியாது" என்று அப்பாவிடம் சொன்னாள். "நின்னுட்டா நான் பொறுப்பில்ல."

"போயிட்டு வா" என்றார் சந்தியாகு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வராட்டியும் போ" என்றார்.

கென்னடி வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்ட விமான நிலையத்தில், கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, தலை நிமிராமல், "போட்டுவிட எத்தனை பெட்டி மேடம்?" என்றாள்.

"இல்ல."

"ஹேண்ட் லக்கேஜ்?"

"அதுவும் இல்ல."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். எட்டி பிலோமியின் காலடியைப் பார்த்தாள், பின்னால் யாராவது பெட்டியோடு வருகிறார்களா என்று பார்த்தாள். "டப்ளின் போறீங்க மேடம்."

"ஆமா."

"அங்க பயங்கரமாக் குளிரும் இப்ப."

"தெரியும்" என்றாள் பிலோமி. சோதனைக்காரர்கள் இரண்டு தடவை நிறுத்தினார்கள், உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், வெறுங்கையோடு கடல் தாண்டுகிற பெண்ணிடம் எதைச் சோதிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகு போன் அடித்தது. லூர்து சித்தியின் நம்பர். பேசியது அப்பா.

"பெட்டி நின்னுபோச்சுத்தா. வேன் ரோட்டுல ஏறவும் நின்னுபோச்சு."

பிலோமி கண்ணை மூடிக்கொண்டாள். எதிர்பார்த்ததுதான். ஆனால் போனுக்குள், அப்பாவின் குரலுக்குப் பின்னால், ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா, அது என்ன சத்தம்?"

"அதத்தான் சொல்ல வந்தேன். லூர்து வீட்டுலருந்துதான் பேசறேன். இங்க பெய்யுது. குழந்தைத்தெரஸோட பையில."

"தெரஸா? அன்னிக்கு அவ சேலையையும் வச்சுப் பாத்தாங்களே, பெய்யலையே."

"அன்னிக்குப் பெய்யல. இன்னிக்கு அது பாட்டுக்கு ஒரு கட்டைப்பையை எடுத்துச்சு. ரெண்டு சேலையும் பிள்ளை சட்டையும் வச்சுச்சு. ஊத்துது. லூர்து செவுத்தப் பிடிச்சு உக்காந்தவதான், இன்னும் எந்திரிக்கல. வீட்டுக்கு வந்து இத்தனை வருசம் ஒரு வார்த்தை சொல்லலையே, எங்களுக்குத் தெரியாமப் போச்சேன்னு அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கா."

"எங்க போறாளாம்?"

"கேட்டேன். இன்னும் முடிவு பண்ணலைங்கிறா."

விமானத்துக்கு ஏறச் சொல்லி அறிவிப்பு வந்தது. பிலோமி எழுந்து நின்றாள், நடக்கவில்லை. "ஊர்ல என்ன பண்றாங்க?"

"கொடத்தைத் தூக்கிட்டு வந்தாங்க. முத்திருளாயிதான் முதல்ல வந்தா. வந்தவ வாசப்படியிலயே நின்னுட்டா. அவ நிக்கவும் பின்னால வந்தவங்களும் நின்னுட்டாங்க. தண்ணி பாட்டுக்குத் தெருவுல ஓடுது. இன்னும் ஒருத்தரும் கொடத்தை வைக்கல."

"நீங்க என்னப்பா பண்ணப் போறீங்க?"

மழைச் சத்தத்துக்கு நடுவே சந்தியாகு தொண்டையைச் செருமினார்.

"கென்னடி அங்கருந்து கெளம்பிட்டானான்னு கேளு" என்றார். "வெரசா வரச் சொல்லு. தெரஸுக்கு வண்டி வேணும்."